பதம் வராத ரப்பர்

நான் பணி செய்து ஓய்வு பெற்ற ரப்பர் ஆலையில் அண்மையில் ஒரு விழா நடந்தது. பழைய ஊழியர்களை முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்தினார்கள்; பிறகு எங்களைப் பற்றிப் பேசினார்கள். பேசியவர் ஓர் இளம் பொறியாளர், நல்ல பிள்ளை. வாகனக் கதவின் ஓரத்தில் பொருத்தும் ஒருவகை ரப்பர் பட்டை எங்கள் ஆலையின் பெருமைக்குரிய சரக்கு. மூடும் கதவுக்கு நடுவே விரல் சிக்கினால், உள்ளே இருக்கும் அழுத்த உணர்வி அதை அறிந்து கதவை உடனே திறக்கச் செய்யும். அந்தப் பட்டையின் வரலாற்றை அவர் திரையில் படம் காட்டி விளக்கினார். தொண்ணூறுகளில் நம்மவர்கள் அதைக் கெட்டியாகச் செய்ய முயன்றதாகவும், அது பதமாக வராததால் மிருதுவானதே நிலைத்ததாகவும், இன்று வாங்குபவர்கள் எல்லோரும் மிருதுவானதையே கேட்பதால் அந்தத் தோல்வி ஆலைக்கு அதிர்ஷ்டமாக முடிந்ததாகவும் சொன்னார். அரங்கு கைதட்டியது. முயன்று தோற்றவன் என்ற முறையில் நானும் தட்டினேன். பொன்னாடை நழுவாமல் கைதட்டுவது பழகினால் வரும்.

அந்தப் பிள்ளைமீது குறை இல்லை. அவர் சொன்னது ஆலையில் எல்லோரும் நம்புவது. நம்பும்படி ஏற்பாடு செய்தவர் எங்கள் முதலாளி. மறுக்காமல் இருந்தவன் நான். முதலாளி இப்போது இல்லை. அந்த ரப்பரை முதன்முதலில் வாங்கிய நூற்பாலை கைமாறிக் கல்யாண மண்டபமாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதால் கெடக்கூடிய காரியம் எதுவும் மிச்சமில்லை. எனக்கு அதிர்ஷ்டத்தோடு பகையும் இல்லை. நான் செய்த வேலையை அதன் கணக்கில் எழுதுவதில்தான் ஆட்சேபம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் வேதியியலில் பட்டம் பெற்றுப் பிறகு சென்னையில் ரப்பர் தொழில்நுட்பம் படித்தவன். பென்சிலின் பின்பக்கத்தில் இருக்கிற பொருளுக்கு என்ன படிப்பு என்று என் வருங்கால மாமனார் விசாரித்ததாகத் தகவல். பயிற்சிக் காலம் முழுவதும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு இடையே ரப்பரோடு கந்தகத்தையும் கரியையும் சேர்த்து அரைப்பதில் கழிந்தது. எந்தச் சோப்புக்கும் என் சட்டைக் காலர் மசியாத நிலையை எட்டியபோது, கிணத்துக்கடவு சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த இந்த ஆலையில் வேலை கிடைத்தது. பேருந்து, கார்களின் கண்ணாடி ஓரத்திலும் கதவு ஓரத்திலும் வைக்கிற நீள ரப்பர் பட்டைகளை அங்கே செய்தோம். அவை இருப்பது யார் கண்ணிலும் படாது. இல்லாவிட்டால் மழைநீர் மடியில் கொட்டும். என் குணத்துக்குப் பொருத்தமான தொழில் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

முதலாளியின் பெயர் வேங்கடபதி. வீட்டில் தெலுங்கும் ஆலையில் கோவைத் தமிழும் வங்கியில் மௌனமும் பேசுபவர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது; மரியாதை உயரும். சாதாரண நாளில் என்னைச் ‘சார்’ என்பார். அதிருப்தி என்றால் ‘சாருங்க’ என்பார். ஒருமுறை லாரி நிறைய அனுப்பிய சரக்கு சூட்டில் சரியாக வேகாமல் திரும்பி வந்தபோது, “வாங்க சாருங்க, உக்காருங்க சாருங்க, காப்பி சாப்பிடுங்க சாருங்க” என்று எழுந்து நின்று வரவேற்றார். அந்தக் காப்பியை நான் முழுவதும் குடித்தது என் பணிக்காலத்தின் துணிச்சலான செயல்களில் ஒன்று.

ரப்பரின் கடினத்தை அளக்க என்னிடம் வெளிநாட்டு அளவுமானி இருந்தது. அவரிடம் கடைவாய்ப் பல் இருந்தது. துண்டை வேட்டி நுனியில் துடைத்து, வாயின் ஓரத்தில் வைத்து ஒரு கடி. கண்ணை மூடி ஒரு கணம். பிறகு “அறுவது இருக்குமுங்க” என்பார். என் மானிக்கும் அவர் பல்லுக்கும் சில சமயம் ஐந்து புள்ளி வித்தியாசம் வரும். ஐந்து புள்ளி என்பது நான் படித்த பாடத்தில் நிராகரிப்பு. அவர் வாயில் அது ஏறத்தாழ சரி.

அவரிடம் இருந்த இன்னொரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாங்க வந்தவர் யாரிடமும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. ‘செஞ்சர்லாமுங்க’ என்றால் யோசிக்கிறார் என்று பொருள். ‘பாத்துக்கலாமுங்க’ என்றால் நடக்காது. மறுத்தே தீர வேண்டிய கட்டம் வந்தால் மறுப்பை இன்னொருவர் தலையில் வைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் உள்ள பழக்கம்தான் இது. அவரிடம் அது ஓர் அலுவலகப் பிரிவு அளவுக்கு வளர்ந்திருந்தது. “எனக்கென்னுங்க, நான் இன்னைக்கே குடுத்துருவேன். நம்ம இஞ்சினியர் சார்தான் ஒத்துக்க மாட்டேங்கறாருங்க” என்பார். என்ன விஷயத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலும் அப்போதுதான் எனக்கே தெரியவரும். வந்தவர் என்னை வெறுப்போடும் மதிப்போடும் பார்த்துவிட்டுப் போவார். கோவையில் நான் கண்டிப்பானவன், தரத்தில் தலைமுடி அளவும் விட்டுக்கொடுக்காதவன் என்ற பெயர் பரவியிருந்தது. அதில் பாதி நான் சம்பாதித்தது. மீதி அவர் கட்டிக்கொடுத்தது.

இனி கதவு.

கருமத்தம்பட்டிப் பக்கத்து நூற்பாலை ஒன்று, சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெண்களை வேலைக்கு அழைத்துவர இரண்டு பேருந்துகள் வைத்திருந்தது. கதவுகள் காற்றழுத்தத்தில் இயங்குபவை. ஓட்டுநர் விசையைத் தட்டினால் ‘புஸ்’ என்று மூடும். நடுவில் இருப்பது கம்பியா கையா என்று பார்க்காது. ஒருநாள் காலையில் சரஸ்வதி என்ற பெண்ணின் வலதுகை விரல்கள் அதில் சிக்கின. எலும்பு தப்பியது. ஆள்காட்டி விரலின் நகம் பிறகு சரியாக முளைக்கவேயில்லை. அந்த வாரத்தில் பல வீடுகளில் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். நூற்பாலையில் ஆட்களைக் கவனித்துவந்த மேலாளர் சண்முகசுந்தரம் எங்களிடம் நேரில் வந்தார். கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும் மனிதர். ஆனால் அன்று பார்க்கவில்லை. கடிக்காத கதவு வேண்டும் என்றார். முதலாளி “செஞ்சர்லாமுங்க” என்றார். வந்தவர் போனதும் என்னிடம் திரும்பி, “செய்ய முடியுமாங்க சார்?” என்று கேட்டார்.

தத்துவம் எளிது. கதவின் ஓரத்தில் உள்ளே குழிவான ரப்பர் பட்டை. குழியின் இரு முனையும் அடைத்திருக்கும். ஒரு முனையிலிருந்து மெல்லிய குழாய் ஒரு விசைக்குப் போகும். விரல் பட்டுப் பட்டை அமுங்கினால் உள்ளே இருக்கிற காற்று அந்த விசையைத் தள்ளும், கதவு திறந்துவிடும். தத்துவத்தை விளக்கத் தேநீர் ஆறுவதற்குள் முடியும். செய்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

விரல் பட்டதும் அமுங்க வேண்டுமானால் ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். மிருதுவாக்க எண்ணெய் சேர்க்க வேண்டும். எண்ணெய் கூடினால் ஒருமுறை அமுங்கிய பட்டை மறுபடி நிமிராமல் சோம்பிக் கிடக்கும். சோம்பிய பட்டைக்கு விரல் தெரியாது. நாங்கள் ரப்பரை நீளமாகப் பிழியும் இயந்திரத்துக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் சந்தகை மெஷின். வீட்டில் சந்தகை, அதாவது இடியாப்பம், பிழிவது போலத்தான் அதுவும். ஆனால் சந்தகைக்கு உள்ளே குழி இருக்க வேண்டியதில்லை. பிழிந்து வந்த பட்டையின் உட்சுவர்கள் வேகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க உள்ளே மாக்கல் பொடியை ஊதினோம். பொடி கூடினால் குழாய் அடைத்துக்கொண்டது. குறைந்தால் சுவர் ஒட்டியது. கலவையை மாற்றி மாற்றிக் கடைசியில் மானியில் நாற்பத்தைந்து காட்டுகிற, அமுக்கினால் அமுங்கி விட்டால் நிமிர்கிற ரப்பர் ஒன்றை எட்டினேன். முதலாளி கடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் மௌனம் என்றால் பாராட்டு.

சோதிக்கும் முறையில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. நான் வெவ்வேறு தடிமனில் மரக்குச்சிகளைக் கடைந்து வைத்திருந்தேன். அவற்றைக் கதவுக்கு நடுவே வைத்து, எத்தனை அழுத்தத்தில் கதவு விடுகிறது என்று பார்ப்பது முறை. முதலாளி குச்சிகளைப் பார்த்துவிட்டு, “மரக்கட்டைக்கு வலிக்குமாங்க சார்?” என்று கேட்டார். மறுநாள் கிணத்துக்கடவு சந்தையிலிருந்து ஒரு கூடை வந்து இறங்கியது. அன்றிலிருந்து பிஞ்சு வெண்டைக்காய் விரல், முருங்கைக்காய் மணிக்கட்டு, சுரைக்காய் முழங்கை. கதவு விட்ட காயை ஒடித்துப் பார்க்க வேண்டும். தோலில் கோடு விழுந்திருந்தால் பாதகமில்லை. உள்ளே விதை நசுங்கியிருந்தால் தோல்வி. தேறிய காய்கள் கேண்டீனுக்குப் போயின, தேறாதவையும் போயின. அந்த ஆண்டு எங்கள் முன்னேற்றத்தைத் தொழிலாளர்கள் சாம்பாரைப் பார்த்தே கணித்தார்கள். நான் படித்த எந்த நூலிலும் இந்த முறை இல்லை. ஆனால் அது தவறு என்று நிறுவவும் என்னால் முடியவில்லை. ஆகவே என் குறிப்புகளில் ‘தாவர மாதிரி’ என்று எழுதிக்கொண்டேன்.

பட்டையைப் பொருத்திய முதல் பேருந்து எங்கள் ஆலை முற்றத்தில் வெயிலில் நின்றபோது வேறொரு வேடிக்கை நடந்தது. ஓட்டுநர் பழனிசாமி சாவியைத் திருப்பி அணைக்காமல் இறங்கிச் சாப்பிடப் போயிருந்தார். உச்சி வெயிலில் கதவு தானாகத் திறந்தது. வந்து மூடினார். சற்று நேரத்தில் மறுபடி திறந்தது. பழனிசாமி கையோடு போய்க் கற்பூரம் வாங்கிவந்து படியில் ஏற்றினார். கற்பூரம் அணைவதற்குள் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, விரல் பட்டதாக விசைக்குத் தகவல் சொல்லிவிட்டது. ஊசிமுனை அளவு துளை ஒன்று போட்டேன். மெதுவாக விரிகிற காற்று அதன் வழியே போய்விடும். திடீரென்று அமுக்கினால் மட்டும் விசைக்கு எட்டும். மெல்லச் சொன்னால் காதில் வாங்காமல் அலறினால் மட்டும் கேட்கிற இந்த அமைப்பை நான் பல அலுவலகங்களில் கண்டிருந்ததால் யோசனை எளிதாக வந்தது. கதவு அடங்கியது கற்பூரத்தால்தான் என்று பழனிசாமி கடைசிவரை சொல்லிவந்தார்.

இரண்டு பேருந்துகளும் ஓடத் தொடங்கின. வெண்டைக்காயும் நசுங்கவில்லை, விரலும் நசுங்கவில்லை. சண்முகசுந்தரம் ஒரு கூடை பழம் அனுப்பினார். பின்னர் ஒருநாள் மறுபடி நேரில் வந்தார். இம்முறை கடிகாரத்தை நிறையப் பார்த்தார்.

கதவு அளவுக்கு மீறி நல்லதாக இருக்கிறது என்பது அவர் புகார்.

சரஸ்வதி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தாள். மூடுகிற கதவின் ரப்பரை விரல் நுனியால் தொட்டால் போதும், அது திறந்துவிடும். அவள் ஏறுகிற நிறுத்தத்துக்குத் தோட்டங்களுக்கு நடுவே வேலியோர இட்டேரிப் பாதை வழியாகத்தான் பெண்கள் வர வேண்டும். சோறு கட்டிக்கொண்டு, தலை பின்னிக்கொண்டு, “வாரேன், வாரேன்” என்று கத்திக்கொண்டு யாராவது ஒருத்தி எப்போதும் பின்தங்கி ஓடிவருவாள். கடைசிப் பெண் ஏறும்வரை சரஸ்வதி படியில் நின்று, கதவு மூட மூட ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தாள். கதவு மூடாமல் பேருந்து கிளம்பாது. பழனிசாமியைக் கேட்டால், கதவு அம்மணி பக்கம், தான் கம்பெனி பக்கம், இதில் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாராம்.

“ராத்திரி வேலை பார்த்த புள்ளைங்க, மாத்த ஆளு வராம மெஷின்கிட்டயே நின்னுட்டிருக்குதுங்க” என்றார் சண்முகசுந்தரம். அதில் நியாயம் இருந்தது. “கொஞ்சம் கெட்டியாப் போட்டுக் குடுங்க. தொட்டதுக்கெல்லாம் தொறக்கற கதவு எனக்கு எதுக்குங்க? நல்லா அமுக்கினா மட்டும் தொறக்கட்டும். அப்பத்தான் புள்ளைங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்.”

முதலாளி “பாத்துக்கலாமுங்க” என்றார். வந்தவர் அதன் பொருளை அறியாத மனிதர் அல்லர். தங்கள் நூற்பாலை இன்னும் பேருந்துகள் வாங்க இருப்பதையும், கெட்டி ரப்பர் கொடுக்க வேறு ரப்பர் ஆலைகள் ஊரில் இருப்பதையும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

எனக்குச் சங்கதி தெளிவாக இருந்தது. கெட்டியாக்கினால் கதவு விடும். ஆனால் விரல் நசுங்கிய பிறகு விடும். அதை முதலாளியிடம் சொன்னேன். தொட்டால் திறப்பது குறையல்ல, அதற்காகத்தான் ஓராண்டுக்கு மேல் உழைத்தோம் என்றும் சொன்னேன். வழக்கம்போல நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொல்லிவிடலாமே என்றேன். இந்த முறை உண்மையாகவே ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் சன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தார்.

“கேட்டதைச் செஞ்சு குடுங்க சார்” என்றார். “நல்லாவே செய்யுங்க.”

செய்தேன். பிடிக்காத வேலையை அரைகுறையாகச் செய்து, வரவில்லை என்று சொல்வது எளிது; என் படிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுவரின் தடிமனைக் கூட்டினேன், எண்ணெயைக் குறைத்தேன், கரியைக் கூட்டினேன். மானியில் அறுபத்தைந்து. பட்டையின் எந்த இடத்தில் வைத்தாலும் அறுபத்தைந்து. என் கையிலிருந்து வந்த பட்டைகளில் அதைவிடச் சீரானது இல்லை என்று இன்றும் சொல்வேன். விரல் நுனிக்கு அசையாது. பலமாக அமுக்கினால் தவறாமல் விடும். கேட்டவர் கேட்டது அதுதான்.

சோதிக்கும் நாளில் நூற்பாலை முற்றத்தில் இரண்டு பேருந்துகளும் நின்றன. ஒன்றில் பழைய மிருதுப் பட்டை. மற்றதில் புதுக் கெட்டிப் பட்டை. வேலை மாறும் நேரம் என்பதால் பெண்கள் சோற்றுத் தூக்குப் போசிகளோடு சுற்றி நின்றார்கள். நான் முறைப்படி தாவர மாதிரியை எடுத்தேன். மிருதுக் கதவு வெண்டைக்காயைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பது போல விலகியது. காயை ஒடித்துக் காட்டினேன். விதை முழுசாக இருந்தது. அடுத்த பேருந்துக்குப் போனோம். கெட்டிக் கதவு மூடியது, நின்றது, பிறகு திறந்தது. காயை எடுத்தேன். நடுவில் தட்டையாகி, விதைகள் வெளியே பிதுங்கி, கொழகொழவென்று என் விரலில் ஒட்டியது.

சண்முகசுந்தரத்தின் கண் காயில் இல்லை, கூட்டத்தில் இருந்தது. அந்தத் தந்திரம் இனிப் பலிக்காது என்று எல்லோரும் பார்க்கும்படி காட்ட அவர் விரும்பினார். “சரசு, இங்க வா. எப்பவும் வெக்கற மாதிரி வெரலை வெய்யி. பழனிசாமி, கதவைப் போடு” என்றார்.

சரஸ்வதி முன்னால் வந்தாள். என் கையில் அந்த வெண்டைக்காய் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி மேலாளருக்கும் அவளுக்கும் நடுவே கைகூப்பிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்.

“அம்மணி இருக்கட்டுங்க” என்றார் மேலாளரிடம். “வாங்கறவங்க நீங்க. மொதல்ல நீங்க வெச்சுப் பாக்கறதுதானுங்க முறை. நீங்க ஒரு தடவை கை வெச்சு, இது போதுமுன்னு சொல்லிட்டீங்கன்னா அதையே ரெண்டு வண்டிக்கும் போட்டர்றோமுங்க. வாங்க, வெய்யுங்க.”

ஒரு விருந்தாளியை இலையில் உட்காரச் சொல்கிற அதே குரல். அந்தக் குரலில் கூப்பிட்டால் எங்கள் ஊரில் மறுப்பது மரியாதை ஆகாது. சண்முகசுந்தரம் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கதவைப் பார்த்தார். என் விரலில் ஒட்டியிருந்த விதைகளைப் பார்த்தார்.

“நான் ஏற்கெனவே ஒருக்கா வெச்சவதானுங்க” என்றாள் சரஸ்வதி, பின்னாலிருந்து, மிகவும் பணிவாக. “இன்னைக்கு நீங்க வெய்யுங்க சார். நான் நின்னு பாக்கறேன்.”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பழனிசாமி மட்டும் கடமையுணர்வோடு விசையில் கையை வைத்துக் காத்திருந்தார். மேலாளரால் பின்வாங்கவும் முடியவில்லை, கையை வைக்கவும் முடியவில்லை. பிடிவாதக்கார மனிதர், இன்னும் ஒரு கணம் போயிருந்தால் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வைத்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, இதுவே போதும் என்று சொல்லியும் இருப்பார். பிறகு அந்தக் கதவுதான் ஓடியிருக்கும்.

முதலாளி குனிந்து, மாதிரிக்கு வெட்டி வைத்திருந்த கெட்டி ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். கடித்தார். கண்ணை மூடினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“இல்லீங்க” என்றார். வாங்க வந்தவர் முன்னால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. “நீங்க கை வெக்க வேண்டாமுங்க. இது இன்னும் பதம் வரலீங்க. ஒரு பக்கம் கல்லாட்டம் இருக்குது, ஒரு பக்கம் சவசவன்னு இருக்குது. நம்ம சாரும் மாசக்கணக்கா முட்டிப் பாக்கறாருங்க. எல்லா ரப்பரும் செய்வாரு. இந்தக் கெட்டி ரப்பர் மட்டும் அவரு கைக்கு வர மாட்டேங்குதுங்க.”

அந்தத் துண்டு எந்தப் பக்கத்திலும் அறுபத்தைந்து. மானி என் பையிலேயே இருந்தது. அதை எடுக்கக் கையைக் கொண்டுபோனேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “வெயில் ஏறுதுங்க சாருங்க. நிழலுக்கு வாங்க சாருங்க. மோர் சாப்பிடுங்க சாருங்க.”

கையை எடுத்துக்கொண்டேன்.

சண்முகசுந்தரத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கை மறுபடி பைக்குள் போனது. படித்தவர்களுக்கே வரவில்லை என்றால் என்ன செய்வது என்றார். அதுவரை பழையதே இருக்கட்டும் என்றார். அதோடு நில்லாமல் என் அருகில் வந்து, பெருந்தன்மையாக என் தோளைத் தட்டினார். கண்டிப்பானவன் என்று என்னைக் கண்டு ஒதுங்கிய மனிதர் முதல்முறையாக என்னைத் தட்டிக்கொடுத்தது அன்றுதான்.

 திரும்பி வரும்போது காரில் சூலூர் தாண்டிய பிறகு முதலாளியே தொடங்கினார்.

“நீங்க ஒத்துக்கலைன்னு சொல்லியிருந்தா, உங்களை ஒத்துக்க வைக்கச் சொல்லி என்கிட்ட நிப்பாருங்க. நான் முதலாளியாச்சே. உங்களுக்கு வரலைன்னு சொன்னா அவரு யாருகிட்டங்க போயி நிப்பாரு?”

வேறு ஆலைக்குப் போவாரே என்றேன்.

“இந்தப் படிப்புப் படிச்ச உங்களுக்கே வராததை எவன் செஞ்சு குடுத்தாலும் அவரு நம்ப மாட்டாருங்க. உங்க பேரு அப்படி.”

அந்தப் பெயரைத்தானே இப்போது முற்றத்தில் வைத்து அறுத்தீர்கள் என்று கேட்டேன். பணிக்காலத்தில் அவரிடம் நான் இவ்வளவு கடுமையாகப் பேசியது அந்த ஒரு முறைதான். 

“உங்க பேரு தாங்குமுங்க சார். அந்தப் புள்ள வெரலு இன்னொருக்கா தாங்காதுங்க.” பிறகு, இது நம் இருவருக்குள் இருக்கட்டும், வெளியே கசிந்தால் மேலாளர் மறுபடி கெட்டி ரப்பர் கேட்டு வந்து நிற்பார் என்றார்.

ஒப்புக்கொண்டேன். என் பெயரை என் அனுமதியின்றி ஒருவர் செலவழித்திருந்தார். வாங்கிய பொருள் என்னவென்று பார்த்தால் குறை சொல்ல முடியவில்லை. இது எனக்கு மிகவும் அசௌகரியமான நிலை.

மேலாளர் பேருந்தைச் சற்று முன்னதாகவே கிளப்பி அனுப்பத் தொடங்கினார். கடைசிப் பெண்ணுக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் அடங்கிப்போயிற்று. அதைச் செய்ய ரப்பர் தேவைப்படவில்லை. இதற்கிடையில் எனக்குக் கெட்டி ரப்பர் வராது என்ற செய்தி ஊரில் கதவுகளைவிட வேகமாக ஓடியது. தொழிற்சங்கக் கூட்டத்தில் தொழிலாளர் ஒருவர் எனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்ததாகச் சொன்னார். என்னைவிட இளைய பொறியாளர் ஒருவர் கலவைக் கணக்குப் பற்றிய பாடநூலை, நான் முதலாண்டில் படித்த அதே நூலை, தயக்கத்தோடு கொண்டுவந்து கொடுத்து, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மேசையில் பார்வையாக வைத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பட்டைகள் எப்படி உழைக்கின்றன என்று பார்க்க ஒரு காலையில் அந்தப் பேருந்திலேயே ஏறிப் போனேன். சரஸ்வதியின் நிறுத்தம் வந்தது. அவள் ஏறிப் படியிலேயே நின்றாள். இட்டேரியில் ஒரு பெண் போசியோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். பழனிசாமி விசையைத் தட்டினார். சரஸ்வதி, நகம் முளைக்காத அந்த விரலை ரப்பரில் வைத்தாள். கதவு விலகியது.

முன் இருக்கையில் இருந்த என்னை அப்போதுதான் அவள் பார்த்தாள். யோசித்தாள்.

“நீங்கதானுங்களே அந்தக் கெட்டி ரப்பர் வராமப் போன சாரு?”

ஆமாம் என்றேன்.

பழனிசாமி மறுபடி தட்டினார். அவள் பாராமலே விரலை வைத்தாள். கதவு மறுபடி விலகியது.

“மனசு ஒடைஞ்சுபோயராதீங்க சார்” என்றாள். “எனக்கும் வந்த புதுசுல அறுந்த நூலை முடிச்சுப் போடவே தெரியாதுங்க. தெனமும் திட்டு வாங்குவேன். இப்பப் புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கறேன். விடாமச் செஞ்சு பாருங்க. ஒரு நாளைக்கு உங்களுக்கும் வந்துருமுங்க.”

ஓடிவந்த பெண் ஏறிவிட்டாள். சரஸ்வதி விரலை எடுத்துக்கொண்டாள், கதவு மூடியது.

“செஞ்சு பாக்கறேன் அம்மணி” என்றேன்.